உள்ள ஒண்ணும் போடாதீங்க சார்

தர்மபுரிலருந்து ஒரு வாத்தியார் எழுதியிருக்கார். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால போடல. அவர் எழுதினது இதுதான்:

"வணக்கம் மாஸ்டர். எனக்கு 39 வயசு, கணக்கு வாத்தியார். சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னதால மூணு மாசம் முன்னாடி ஒரு ரோடு சைக்கிள் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். வீட்லருந்து அதியமான்கோட்டை போயிட்டு வந்தா ஒண்ணும் தெரியல. பாலக்கோடு பக்கம் 20 கிலோமீட்டர் தாண்டினா உக்கார முடியல, தொடை இடுக்குல உரசி எரியுது, கையும் மரத்துப் போகுது. காட்டன் ட்ராக் பேன்ட், பனியன், மேல ஒரு டி-ஷர்ட், இதான் போடறேன். ஹெல்மெட் இருக்கு. சைக்கிள்காரங்க போடற அந்த டைட் ட்ரெஸ்ஸப் போட்டுக்கிட்டு நான் ஊருக்குள்ள போனா பசங்க ஒரு வருசத்துக்கு வச்சு ஓட்டுவாங்க. எங்கப்பா வேட்டி கட்டிக்கிட்டே தினமும் சைக்கிள் மிதிச்சவரு, அவருக்கு வராத நோவு எனக்கு மட்டும் ஏன்? 3,000 ரூபாய்க்குள்ள என்னென்ன வாங்கலாம்? வீட்டம்மாவும் கூட வர்றேங்கறாங்க, அவங்களுக்கும் சொல்லுங்க. ஜனவரி 26 லீவுக்கு ஒகேனக்கல் போகணும்னு ஆசை."

வணக்கம் சார். படிச்சதும் சிரிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க, நானும் இதே கோலத்துல கெடந்தவன்தான். திருப்பூர்ல 14 வருசம் பனியன் கம்பெனி சாம்பிள் செக்‌ஷன்ல இருந்துட்டு கிருஷ்ணகிரி வந்து தையல் கடை போட்டவன் நான், துணியப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்ங்கற திமிரு நெறைய இருந்துச்சு. சைக்கிள் வாங்கின புதுசுல ஒரு மே மாசம், நல்ல சாஃப்ட் காட்டன் ட்ராக் பேன்ட், நானே தைச்சது, அதப் போட்டுக்கிட்டு கிருஷ்ணகிரிலருந்து தர்மபுரி வரைக்கும் மிதிச்சுட்டேன். போறப்ப ராஜா மாதிரி போனேன். திரும்பறப்ப காவேரிப்பட்டணத்துல இறங்கினவன் மறுபடி சீட்ல ஏறவே இல்ல. மாங்கா லோடு ஏத்திக்கிட்டு வந்த ஒரு குட்டியானையில கையக் காட்டி, சைக்கிள மேல போட்டு, நானும் மாங்கா மூட்டை மேல குப்புறப் படுத்துக்கிட்டே ஊரு வந்து சேர்ந்தேன். உக்காந்துக்கலாமேண்ணா, எடம் இருக்கேன்னு டிரைவர் தம்பி ரெண்டு தடவ கேட்டுச்சு. நான் பதிலே சொல்லல.

முதல்ல உங்கப்பா விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எல்லாத்துக்கும் பதில் அதுலயேதான் இருக்கு.

உங்கப்பா ஓட்டின சைக்கிள்ல ஹேண்டில் பாரு மேல இருக்கும், சீட்டு அகலமா இருக்கும், அடியில ரெண்டு ஸ்பிரிங்கு. முதுகு நேரா, நாற்காலியில உக்காந்த மாதிரி உக்காந்து ஓட்டுவாங்க, உடம்பு கனம் பூரா பின்பக்கம் இருக்கற ரெண்டு உக்கார்ற எலும்பு மேலயே எறங்கிடும், கை சும்மா பிடிச்சுக்கத்தான். உங்க ரோடு சைக்கிள்ல ஹேண்டில் சீட்டோட மட்டத்துக்கு இல்லேன்னா அதுக்கும் கீழ இருக்கு, நீங்க முன்னாடி குனியறீங்க, குனிஞ்ச உடனே கனம் எலும்ப விட்டுட்டு முன்பக்கத்துச் சதைக்கும் உள்ளங்கைக்கும் போயிடுது. சீட்டும் ஒல்லி, அகலமா இருந்தா வேகமா மிதிக்கறப்ப தொடை இடிக்கும்னுதான் ஒல்லியா வச்சிருக்கான். அதனால பஞ்சு மாதிரி பெரிய ஜெல் சீட்டு வாங்கி மாட்டலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அஞ்சு கிலோமீட்டருக்கு சுகமா இருக்கும், முப்பதாவது கிலோமீட்டர்ல எலும்பு உள்ள அமுங்கி சுத்தியிருக்கற சதையெல்லாம் நசுங்கும், இப்ப இருக்கறத விட மோசம்.

இது சைக்கிள் சமாச்சாரம். ட்ரெஸ் சமாச்சாரம் இன்னொண்ணு இருக்கு, அத ஒரு தையக்காரன்தான் சொல்லுவான். வேட்டியில தையலே கெடையாது சார். உள்ள பட்டாபட்டி போட்டாலும் அது தொடை பாதி வரைக்கும் லூசா தொங்கற சமாச்சாரம், இடுக்குல வந்து எலாஸ்டிக் கடிக்காது. உங்கப்பாவுக்கும் சீட்டுக்கும் நடுவுல மேடு பள்ளம் எதுவும் இல்ல.

இப்ப உங்க ட்ராக் பேன்ட்ட உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, கவட்டைக்கு நேரா விரல் வச்சுப் பாருங்க. முன்னாடி ஒரு தையல், பின்னாடி ஒரு தையல், ரெண்டு உள்கால் தையல், நாலும் ஒரே எடத்துல வந்து ஓவர்லாக் போட்டு முடிச்சா நிக்கும். கடலைப்பருப்பு சைஸுக்கு ஒரு மேடு. அதுக்கும் உள்ள உங்க ஜட்டியோட எலாஸ்டிக், தொடை மடிப்புல சரியா கோடு போட்ட மாதிரி. நீங்க கணக்கு வாத்தியார், கணக்காவே சொல்றேன், நிமிசத்துக்கு 70 சுத்து மிதிக்கறீங்கன்னு வச்சுக்குவோம், ஒரு மணி நேரத்துக்கு 4,200 தடவ அந்த மேடும் எலாஸ்டிக்கும் வேர்வையில ஊறின தோலத் தேய்க்குது. அதியமான்கோட்டை போயிட்டு வர்றதுக்குள்ள தோலு தாங்கிடுது, பாலக்கோடு ரோட்டுல தாங்கல, அவ்ளோதான்.

அதனால உங்க மூவாயிரத்துல பாதிய ஒரே பொருளுக்குத்தான் செலவு பண்ணச் சொல்லுவேன், பேட் வச்ச சைக்கிளிங் ஷார்ட்ஸ். மத்ததெல்லாம் முக்காவாசி உங்க வீட்டு பீரோவுலயே இருக்கு.

அதுல பேட்டுங்கறது மெத்தைன்னு நெறைய பேரு நினைக்கறாங்க. மெத்தை பாதி வேலதான். மீதி பாதி என்னன்னா அந்த ஷார்ட்ஸ்ல நடுவுல தையலே வராது, பேட்டு ஒரே துண்டா முன்னாடிலருந்து பின்னாடி வரைக்கும் போயிடும், மத்த எடத்துத் தையலெல்லாம் ஃபிளாட்லாக், ரெண்டு துணியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கும், விரல் வச்சா மேடே தெரியாது. துணி தோலோட ஒட்டி கூடவே நகரும், உரசல் தோலுக்கும் துணிக்கும் நடுவுல இல்லாம துணிக்கும் சீட்டுக்கும் நடுவுல நடக்கும். இதுக்குத்தான் அவன் டைட்டா போடறான், ஸ்டைலுக்கு இல்ல. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல இந்த எடத்துல ஷாம்வாங்கற மலை ஆட்டுத் தோல வச்சுத் தைப்பாங்களாம், துவைச்சா அது அப்பளம் மாதிரி வெறைச்சுக்கும், அத இளக்கறதுக்கு க்ரீம் தடவுவாங்க. இப்ப தோலு போயி ஃபோம் வந்துருச்சு, ஆனா பேட்டுக்கு ஷாம்வாங்கற பேரும் க்ரீமும் மட்டும் அப்படியே இருக்கு.

இப்பத்தான் தலைப்புல இருக்கற விஷயம். பேட் ஷார்ட்ஸுக்கு உள்ள ஜட்டி போடக் கூடாது. வெக்கப்பட்டுக்கிட்டு இத யாரும் சொல்ல மாட்டாங்க, கடைக்காரனும் சொல்ல மாட்டான், 1,500 ரூபாய் குடுத்து வாங்கிட்டு உள்ள பழையபடி ஜட்டியப் போட்டுக்கிட்டு, மாஸ்டர் நீங்க சொன்னது வேஸ்ட்டுனு என்கிட்ட வந்து சண்டை போட்டவங்க ரெண்டு பேரு இருக்காங்க. தையல் இல்லாம இருக்கணும்னுதானே காசு குடுக்கறோம், உள்ள ஜட்டியப் போட்டா அந்தத் தையலத் திரும்பக் கொண்டாந்து வைக்கறோம், அதோட காட்டன் ஜட்டி வேர்வையப் பிடிச்சு வச்சுக்கிட்டு விடாது. வெறும் உடம்புல நேரா பேட்டு. முதல் நாள் ஒரு மாதிரி குழந்தைக்கு டயப்பர் கட்டின மாதிரிதான் இருக்கும், நின்னா நடந்தா அசிங்கமாத்தான் தெரியும், சீட்ல குனிஞ்சு உக்காந்த உடனே அது காணாமப் போயிடும். இதனாலதான் கடையில ட்ரையல் பாக்கறப்ப கண்ணாடி முன்னாடி நேரா நின்னு பாக்காதீங்கங்கறேன், ஒரு நாற்காலி முதுகப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டில் பிடிக்கற மாதிரி குனிஞ்சு பாருங்க. நிக்கறப்ப கொஞ்சம் இறுக்கமா இருக்கணும், குனிஞ்சா சரியா இருக்கணும், பின்னாடி இடுப்பு எறங்கி முதுகு தெரியக் கூடாது. (ட்ரையல் மட்டும் உங்க ஜட்டி மேலயே பாருங்க, அடுத்து வாங்கறவனும் மனுசன்தானே.)

வாங்கறப்ப மூணு எடத்துல கைய வைங்க. பேட்ட கட்டைவிரலால நல்லா அமுக்கி விடுங்க, உடனே எழும்பி வரணும், அமுக்கறப்ப அடியில இருக்கற இன்னொரு விரல் தட்டுப்படக் கூடாது. அப்புறம் பேட்டு பூராவும் ஒரே தடிமனா இருந்தா வாங்காதீங்க, உக்கார்ற எலும்பு வர்ற எடத்துல அடர்த்தியா, நடுவுல ஒரு வாய்க்கா மாதிரி பள்ளமா, ஓரத்துல மெலிசா முடியணும். ஆன்லைன்ல ரொம்ப சீப்பா கெடைக்குதேன்னு நான் ஒண்ணு வாங்கினேன், படத்துல ஜெல்லு, த்ரீ டி, என்னென்னமோ போட்டிருந்துச்சு. பத்து தடவ போட்டதும் தட்டையாயிடுச்சு. தொழில் புத்தி விடுமா, பிளேடால நடுவுல கிழிச்சுப் பாத்தேன், சோபாவுக்கு வைக்கற மஞ்சள் ஸ்பாஞ்சு, ஒரே ஷீட்டு, ரெண்டு பக்கமும் துணி ஒட்டியிருக்கு, அவ்ளோதான். ஆக தடிமன் முக்கியம் இல்ல, அடர்த்திதான் முக்கியம். மூணாவது, தொடைத் துணிக்குள்ள கைய விட்டு விரல விரிச்சு இழுத்துப் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, உங்க விரல் ரேகை தெரிஞ்சுதுன்னா, குனியறப்ப உங்களுக்குப் பின்னாடி வர்றவனுக்கு எல்லாமே தெரியும். நைலானும் லைக்ராங்கற இழுபடற நூலும் கலந்த கனமான துணியா, கறுப்பு கலரா பாத்து எடுங்க. 1,000லருந்து 1,500 ரூபாய்க்குள்ள நல்லதாவே கெடைக்குது, பெங்களூரு போனா டெக்கத்லான்ங்கற ஸ்போர்ட்ஸ் கடையில போட்டுப் பாத்தே வாங்கலாம். தோள்பட்டைக்கு வார் வச்ச பிப் ஷார்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, இடுப்ப இறுக்காது, தொப்பை உள்ளவங்களுக்கு ரொம்ப சொகம், ஆனா விலை கூட, வழியில ஒதுங்கணும்னா சட்டையக் கழட்டி வாரு எறக்கணும், அது உங்களுக்கு ரெண்டாவது வருசம் பாத்துக்கலாம்.

பசங்க விஷயம். உங்க பயம் நியாயம்தான், நம்ம ஊர்ல ஒரு வாத்தியாருக்கு ஒரு தடவ பட்டப்பேரு வச்சா ரிட்டயர்டு ஆகற வரைக்கும் அதுதான். பேட் ஷார்ட்ஸ உள்ளாடை மாதிரி போட்டுக்கிட்டு அதுக்கு மேல ஒரு சாதா ஷார்ட்ஸோ த்ரீ ஃபோர்த்தோ போட்டுக்கோங்க, யாருக்கும் ஒண்ணும் தெரியாது, நிறைய பேரு அப்படித்தான் ஓட்டறாங்க. இப்படி உள்ள போடறதுக்குன்னே லைனருன்னு மெலிசா பேட் வச்ச இன்னரும் தனியா விக்கறான், அது கொஞ்சம் சீப்பு. ஆனா மேல போடறது லூசா தொங்கக் கூடாது. எழுந்து நின்னு மிதிச்சுட்டு திரும்ப உக்கார்றப்ப கவட்டைத் துணி சீட்டோட மூக்குல மாட்டிக்கும், ஒரு செகண்டு ஆடிப் போயிடுவீங்க, பின்னாடி லாரி வர்ற ரோட்டுல அந்த ஒரு செகண்டு ரொம்பப் பெருசு. உங்க பழைய பாலியஸ்டர் ட்ராக் பேன்ட் ஒண்ண எடுத்துக்கிட்டு தெருவுல இருக்கற எந்தத் தையக்காரர்கிட்டயும் குடுங்க, முட்டிக்கு மேல வெட்டி, உள்கால ஒரு இன்ச்சு பிடிச்சு, கவட்டையில அந்த நாலு தையல் சேர்ற எடத்தப் பிரிச்சு ஒரு டைமண்ட் பீஸ் வச்சுத் தாங்கன்னு சொல்லுங்க. டைமண்ட் பீஸ்னா அவருக்குப் புரியும். அது வச்சா காலத் தூக்கறப்ப துணி இழுக்காது, தொங்கவும் செய்யாது. நான் 120 ரூபாய் வாங்கறேன், உங்க ஊர்ல இன்னும் கம்மியா இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சு மேல போட்டத நீங்களே கழட்டி வச்சுடுவீங்க, எனக்கு அப்படித்தான் ஆச்சு, வெக்கம்லாம் ஒரு மேட்டுல ஏற்றப்ப வேர்வையோட போயிடுச்சு.

மேல் சட்டைக்குக் காசே செலவு பண்ணாதீங்க. நீங்க பள்ளிக்கூடத்துல இருக்கற ஆளு, ஸ்போர்ட்ஸ் டேக்கு ஹவுஸ் கலர்ல, முதுகுல பள்ளிக்கூடம் பேரு போட்டு ஒரு பாலியஸ்டர் டி-ஷர்ட் குடுத்திருப்பாங்களே, பீரோ அடியில கெடக்கும் பாருங்க. அதான் ஜெர்சி. கடையில சைக்கிளிங் ஜெர்சின்னு ஆயிரம் ரூபாய் போட்டு விக்கறதும் பெரும்பாலும் அதே டாட் நிட்டு, ரைஸ் நிட்டுங்கற பின்னல் துணிதான், திருப்பூர் காதர்பேட்டை பக்கம் போனா மொத்தத்துல கொட்டி வச்சு விக்கற துணி. பனியனும் காட்டன் டி-ஷர்ட்டும் ஏன் வேண்டாங்கறேன்னா, பருத்தி தண்ணியக் குடிக்கும், பாலியஸ்டர் குடிக்காது. நார்மலா காத்துல இருக்கற ஈரத்துலயே பருத்தி தன் எடையில 7, 8 சதவீதம் உறிஞ்சி வச்சிருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம் கூட இல்ல. வீட்ல சமையல் தராசு இருந்தா ஒரு பனியன நனைச்சு நல்லா முறுக்கிப் பிழிஞ்சுட்டு வச்சுப் பாருங்க, அப்பவும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம் காட்டும். அந்தக் கனத்த முதுகுல தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறி, எறக்கத்துல காத்து அடிச்சதும் சில்லுனு ஒட்டி இழுத்துக்கிட்டு, எதுக்கு? பாலியஸ்டர்னா ஆபீஸ் போற நெய்த பாலியஸ்டர் சட்டை இல்ல, அது மூச்சே விடாது, நான் சொல்றது பொடி ஓட்டை ஓட்டையா இருக்கற நிட்டு துணி. உள்ள பனியனும் வேண்டாம். அதுல ஒரு கொறை என்னன்னா நாத்தம், பாலியஸ்டர்ல வேர்வை வாடை பிடிச்சா லேசுல போகாது, அதுக்கு பின்னாடி வர்றேன்.

பாக்கெட் வேணும்னா முதுகுக்குக் கீழ தச்சுக்கோங்க. பேன்ட் சைடு பாக்கெட்ல போன் வச்சா ஒவ்வொரு மிதிக்கும் தொடையில அடிக்கும், அதனாலயே ஒரு பக்கம் கோணலா மிதிச்சு முட்டி வலி வந்தவங்க உண்டு. ஆனா டி-ஷர்ட் துணியிலயே பாக்கெட் தச்சா போன் கனத்துக்கு வாழைத்தார் மாதிரி தொங்கும். இழுபடாத துணி, பழைய குடைத்துணி இருந்தா பிரமாதம், அத வச்சு ரெண்டு பாக்கெட்டா பிரிச்சு, மேல் வாய்ல எலாஸ்டிக் போட்டு, பாக்கெட்டோட அடிய டி-ஷர்ட்டோட அடி மடிப்பு மேலயே சேத்து அடிச்சுடணும். சட்டை நீளமா இருந்தா முன்பக்கம் கொறச்சுடுங்க, குனியறப்ப முன்னாடி சுருண்டு தொப்பையில மடியும், பின்னாடி நீளமாவே இருக்கட்டும்.

கலரு மட்டும் யோசிச்சு எடுங்க. விடியக்காலை அஞ்சரைக்கு 44ம் நம்பர் பைபாஸ் ஏறப் போறீங்கன்னா மேல கறுப்பு, நீலம் எதுவும் வேண்டாம், கண்ணு கூசற ஆரஞ்சோ எலுமிச்சை மஞ்சளோ போடுங்க, ஹைவே வேல செய்யறவங்க போடற ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டோட பட்டிய மட்டும் வாங்கி முதுகுல ஒரு வரி, கணுக்கால்ல ஒரு வரி. கணுக்கால்ல இருக்கறது மேலயும் கீழயும் ஆடுறதால டிரைவர் கண்ணுக்கு சைக்கிள்னு சட்டுனு பிடிபடும்.

கை மரத்துப் போறதுக்கு க்ளவுஸு பாதி மருந்துதான். 300 ரூபாய்க்கு அரைக்கை க்ளவுஸு, சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை அடியில பேட் இருக்கணும், அங்கதான் நரம்பு போகுது, அத அமுக்கினாத்தான் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கும். மீதிப் பாதி உங்க உக்கார்ற வாட்டம். செகண்ட் ஹேண்ட் சைக்கிள்னு சொன்னீங்க, முன்னாடி ஓட்டினவர் உயரத்துக்கு சீட்டு வச்சிருப்பாங்க. குதிகால பெடல் மேல வச்சு பெடல் கீழ போறப்ப கால் நேரா நீளணும், அதான் கணக்கு, அப்புறம் முன்னங்கால்ல மிதிச்சா முட்டி லேசா மடங்கியிருக்கும். சீட்டோட மூக்கு மேல தூக்கிக்கிட்டு இருந்தா எந்த ஷார்ட்ஸும் உங்களக் காப்பாத்தாது, மட்டம் பாத்து வைங்க. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ எழுந்து நின்னு நாலு மிதி மிதிங்க, கைய வேற வேற எடத்துல மாத்திப் பிடிங்க. இவ்ளோ பண்ணியும் கீழ மரத்துப் போறது நிக்கலேன்னா, இல்ல உரசின எடத்துல கட்டி வந்து காய்ச்சல் அடிச்சுதுன்னா தையக்காரன்கிட்ட கேக்காம டாக்டர்கிட்ட போங்க. சுகர் பார்டர்னு வேற சொல்றீங்க, புண்ண அலட்சியம் பண்ணாதீங்க.

ஷூ புதுசா வேண்டாம். பெடல்ல மாட்டற க்ளிப் ஷூவெல்லாம் இப்ப நினைக்கவே நினைக்காதீங்க. வாக்கிங் ஷூவோட அடி ரொம்ப மெத்துனு இருந்தா மிதிக்கற சக்தி அதுலயே அமுங்கிப் போகும், அதுக்கு கொஞ்சம் வெறைப்பான அடி உள்ள பழைய கேன்வாஸ் தேவல. லேஸ உள்ள சொருகிடுங்க, செயின் பக்கம் அது தொங்கினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. வெயிலுக்கு பைக்காரங்க போடற கை ஸ்லீவ் நூறு, நூத்தம்பதுக்கு எங்கயும் விக்குது, அது போதும்.

ஜனவரியில நம்ம பக்கம் காலையில குளிரும், ஓசூர் அளவுக்கு இல்லேன்னாலும் பாலக்கோடு ரோட்டுல பனி இருக்கும். அதுக்காக ஜெர்க்கின் வாங்காதீங்க, அரை மணி நேரத்துல உள்ள வேர்த்துக் கொட்டும். டி-ஷர்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு தினத்தந்திய ரெண்டா மடிச்சு சொருகிக்கோங்க. சிரிக்காதீங்க, ஐரோப்பாவுல பெரிய பெரிய ரேஸ் ஓட்டினவங்களே அந்தக் காலத்துல மலை உச்சியில பேப்பர் வாங்கி நெஞ்சுல சொருகிக்கிட்டுத்தான் எறக்கத்துல எறங்குவாங்க, காத்து உள்ள போகாது. வெயில் வந்ததும் எடுத்து டீக்கடையில படிச்சுட்டு அங்கயே வச்சுட்டு வந்துடலாம்.

துவைக்கறதச் சொல்லணும், இதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. வந்த உடனே ஷார்ட்ஸக் கழட்டிடணும், அந்த ஈரத்தோட உக்காந்து இட்லி சாப்பிட்டு பேப்பர் படிக்கறதுதான் பாதி கட்டிக்குக் காரணம். ஒவ்வொரு தடவையும் துவைக்கணும், ஒரு நாள் போட்டத காய வச்சு அடுத்த நாளும் போடறதுங்கற பேச்சே இல்ல. உள்பக்கம் வெளிய திருப்பி, பச்சத் தண்ணியில, கொஞ்சம் லிக்விட் சோப்போ ஷாம்புவோ போட்டுக் கசக்குங்க. கல்லுல அடிக்கக் கூடாது, பிரஷ் போடக் கூடாது, பிளீச்சிங், சுடுதண்ணி ரெண்டும் லைக்ராவுக்கு எமன், ஒரு மாசத்துல தொடையில தொளதொளன்னு ஆயிடும். வாசனைக்கு ஊத்தற கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தாதீங்க, அது துணி மேல ஒரு படலம் கட்டி வேர்வை வெளிய போற வழிய அடைச்சுடும். டி-ஷர்ட் நாத்தத்துக்கு வினிகர் ரெண்டு மூடி கலந்த தண்ணியில அரை மணி நேரம் ஊற வைங்க. முறுக்கிப் பிழியாம துண்டுல சுருட்டி அமுக்கி, நிழல்ல, காத்தாட, பேட்டு வெளிய தெரியற மாதிரி காயப் போடுங்க. பேட்டு உள்ள ஈரம் நிக்கும், கையில தொட்டுப் பாத்துட்டுப் போடுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா நான் பொறுப்பில்ல.

எரிச்சல் இன்னும் இருந்தா கெளம்பறதுக்கு முன்னாடி தொடை இடுக்குல ரெண்டு சொட்டு தேங்காண்ணெ தடவிக்கோங்க. ஏற்கனவே புண்ணா இருந்தா ஆற வரைக்கும் சைக்கிள் வேண்டாம்.

வீட்டம்மாவுக்கு. ஆம்பளைங்க ஷார்ட்ஸ அவங்களுக்கு வாங்கிக் குடுத்துடாதீங்க, பொம்பளைங்களுக்கு உக்கார்ற எலும்பு இடைவெளி பொதுவா கொஞ்சம் அகலம், பேட்டோட வடிவமே வேற, லேடீஸ்னு போட்டதத்தான் வாங்கணும். பேட் வச்ச லைனர் ஒண்ணு, அது மேல அவங்க போடற லெக்கிங்ஸே போதும், லைனருக்கு உள்ள ஒண்ணும் வேண்டாங்கற அதே விதிதான். குர்தி இடுப்புக்குக் கீழ ஒரு சாண் வரைக்கும் பரவால்ல, முட்டி வரைக்கும் நீளமா இருந்தா சீட்டு மூக்குலயும் பின் வீல்லயும் மாட்டும். துப்பட்டா வேண்டவே வேண்டாம்னு நான் சொன்னா அவங்களுக்கு சங்கடமா இருக்கலாம், அதனால மேல ஜிப்பு வச்ச மெலிசான ஒரு ஸ்போர்ட்ஸ் ஜாக்கெட் போட்டுக்கச் சொல்லுங்க, அப்ப துப்பட்டா அவங்களுக்கே தேவைப்படாது. நல்ல பிடிமானமான ஸ்போர்ட்ஸ் பிரா ஒண்ணு, அதுக்கு மட்டும் விலை பாக்காதீங்க.

கணக்குக்கு வருவோம். உங்க ஷார்ட்ஸ் 1,400, க்ளவுஸ் 300, கை ஸ்லீவ் 120, ட்ராக் பேன்ட் வெட்டித் தைக்கறதும் முதுகு பாக்கெட்டும் சேத்து 200, ரிஃப்ளெக்டர் பட்டி ஒரு 80. ஆக 2,100. மிச்சம் 900 ரூபாய்ல வீட்டம்மாவுக்கு லைனர். சொந்த செலவு முடிஞ்சு மிச்சத்துலதான் அவங்களுக்குன்னு நான் சொன்னத அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த மாச சம்பளத்துல உங்களுக்கு ரெண்டாவது ஷார்ட்ஸ் ஒண்ணு, ஒண்ணு காயறப்ப இன்னொண்ணு, அதுக்கு அப்புறம்தான் வேற எதுவும்.

ஒகேனக்கல் இப்ப வேண்டாம் சார். தர்மபுரிலருந்து போக மட்டும் 46 கிலோமீட்டர், பென்னாகரம் தாண்டி காட்டுக்குள்ள எறக்கம், ஜம்முனு எறங்கிடுவீங்க, மீன் வறுவல் வாசனை வர்றப்பதான் ஞாபகம் வரும் இதே எறக்கம் திரும்பறப்ப ஏத்தம்னு. புது பேட்டுக்கும் புது சதைக்கும் பழக்கம் வேணும், புது ஷார்ட்ஸ முதல் தடவையா பெரிய தூரத்துக்குப் போடவே கூடாது. ரெண்டு வாரம் அதியமான்கோட்டைக்கே போட்டுக்கிட்டு போங்க, மூணாவது வாரம் பாலக்கோடு. 26ம் தேதி கொடியேத்தம் முடிஞ்சு போறதுக்கு வெயில் வந்துடும், அதனால அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை காலையில அஞ்சரைக்குக் கெளம்பி பென்னாகரம் வரைக்கும் மட்டும் போயிட்டு திரும்புங்க, ட்ராக் பேன்ட் பாக்கெட்ல டீக்குச் சில்லறை மட்டும். திரும்பறப்ப எந்த எடத்துல எரிய ஆரம்பிச்சுதுன்னு, எத்தனாவது கிலோமீட்டர்னு குறிச்சு வச்சு எழுதுங்க, ஷார்ட்ஸ்ல என்ன மாத்தணும்னு அத வச்சுச் சொல்றேன்.